மஞ்சள் குளித்த செரி

பின்வாசல் பைப்படியில் ஒரு சிவப்புப் பேசின். அதற்குள் செரி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை லயன் பொமரேனியன் நாய். தண்ணீர் பட்டதும் அவளுடைய பஞ்சுப் பெருமையெல்லாம் வடிந்து, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உருவமாகிவிட்டாள். நான் மஞ்சள் தூளைக் கரைத்துத் தலையிலிருந்து வால்வரை ஊற்றினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருக்கவில்லை.

துவட்டி இறக்கிவிட்டபோது வெள்ளை நாய் நல்ல மஞ்சள் நிறமாகியிருந்தது. எனக்கு மனசுக்குத் திருப்தியாக இருந்தது. "தலைக்கு ஊத்தியாச்சு, இனி எங்க வேணும்னாலும் போ" என்று அவளிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பரீட்சை மண்டபக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டீச்சர், எப்பப் பாத்தாலும் அடுத்தவங்க செஞ்ச தப்பத்தான் எழுதுறீங்க. நீங்க தப்பே செய்யலியா?" நியாயமான கேள்வி. இந்தாருங்கள், என் தப்பு.

தபால் கந்தோர்க் கையெழுத்து

செரி என் நாய் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் சரோ அக்காவின் நாய். சரோ அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் கனடாவில். அந்த மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அவர் புறப்பட்டபோது, செரியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

கூடவே ஒரு தாள். தபால் கந்தோரில் பழகிய உருண்டைக் கையெழுத்து. சோறு எவ்வளவு, பால் வேண்டாம், வலது பின்கால் முட்டி நழுவும், படியில் குதிக்க விடவேண்டாம். கடைசி வரி: 'ஹீட்டுக்கு வந்தால் இருபத்தொரு நாள் வெளியில் விடக்கூடாது.'

நாய் விஷயத்தில் சரோ அக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. செரியின் தாய்க்கு ஒரே ஒரு முறை குட்டி போட வைத்திருக்கிறார். அதற்காகக் குண்டசாலையில் ஒரு ஆண் நாய் இருந்த வீட்டுக்கு மூன்று தடவை போய் வந்தாராம். பல் பார்த்தாராம், நடை பார்த்தாராம், அந்த நாயின் தகப்பனுக்கு என்ன நோய் வருத்தம் இருந்தது என்றுகூடக் கேட்டாராம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். குட்டிகள் பிறப்பதற்கு முன்பே எந்தக் குட்டி எந்த வீட்டுக்கு என்று பேசி முடித்திருந்தார். சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டி வைக்கும் ஒருவர் கேட்டபோது, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குட்டிகளில் செரியை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டார். வளர்ந்தபோதுதான் அவளுக்கு முட்டி நழுவுவது தெரிந்தது. இது பரம்பரையாகப் போகும், இவளுக்குக் குட்டி வேண்டாம், ஒபரேஷன் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார். நாளும் பார்த்தார். அதற்குள் கனடா டிக்கெட் வந்துவிட்டது. வந்து செய்யலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாததா

அவர் போன முதல் கிழமையிலேயே செரிக்கு ரத்தம் பட ஆரம்பித்துவிட்டது.

நான் ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குத் தூரம் என்றால் என்ன, எத்தனை நாள் ஒதுங்கி இருக்க வேண்டும், எப்போது தலைக்கு ஊற்றி வீட்டுக்குள் சேர வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் தாளில் எழுதித் தரத் தேவையில்லை. செரிக்கும் அதே சட்டத்தைப் போட்டேன். பின் விறாந்தையில் ஒரு சாக்கு, தனித் தட்டு, தனித் தண்ணீர்.

ஒன்பதாம் நாள் சாக்கில் கறை இல்லை. பத்தாம் நாளும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்தொரு நாளாம்! மனுஷிக்கே இல்லாத விரதம் ஒரு நாய்க்கு எதற்கு? சரோ அக்கா எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வார், தபாலுக்கு இரண்டு முத்திரை ஒட்டுகிற ஆள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டேதான் மஞ்சள் கரைத்தேன். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவர், எந்தச் சாமானோடும் வரும் துண்டுத் தாளை முழுதாகப் படிக்காமல் தொடமாட்டார். "எழுதிக் குடுத்திருக்காங்கள்ல, அதுபடியே செஞ்சிட்டுப் போயேன்" என்றார். நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் மினிஸ்டர் என்று ஒரு தெருநாய் உண்டு. பெரிய உடம்பு, செம்பட்டை நிறம், ஒரு காது பாதி. எல்லா வீட்டு வாசலிலும் வந்து நின்று வாலை ஆட்டிவிட்டுப் போவான், பிறகு மாதக்கணக்கில் ஆளைக் காணக் கிடைக்காது. அதனால் வந்த பெயர். அந்த ஒன்பது நாளும் எங்கள் கேட்டுக்கு வெளியே அவன் படுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் நான். இரண்டையும் இரண்டையும் கூட்டவில்லை.

குளிப்பாட்டிய அன்று பின்னேரம் உடுப்புக் காயப்போடப் பின் கேட்டைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது கழிவுநீர் ஓடும் கான் ஓரத்தில் செரியும் மினிஸ்டரும் ஒன்றாக நின்றார்கள். பிரிக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. செரி ஒரே நாளில் இரண்டாம் முறை குளித்ததுதான் மிச்சம்.

பயந்தேனா? கொஞ்சம். ஆனால் நாள்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன தங்கப்போகிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அன்று மாலை சரோ அக்கா வீடியோவில் வந்தார். செரியைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"ஏன் விஜி, பிள்ளை மஞ்சளா நிக்கிறா?"

"லைட் வெளிச்சம்க்கா. புது பல்ப் போட்டோம்."

அதுதான் முதல் பொய்.

கதவு எப்போது திறக்கிறது

நாலு கிழமை கழித்துச் செரி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். வயிற்றைத் தடவினால் காம்புகள் சிவந்து தடித்திருந்தன. மகாவலிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிருக வைத்தியர் டொக்டர் நஸ்ரினிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

டொக்டர் நஸ்ரின் சின்னப் பெண். அக்குறணைப் பக்கம். முஸ்லிம் பெண் ஒருவர் நாய்க்கு வைத்தியம் பார்ப்பதா என்று வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பார்களாம். கழுவுவதற்கு மார்க்கத்தில் முறை இருக்கிறது, கழுவிவிட்டுத் தொழப் போவேன், இதில் என்ன இருக்கிறது என்பாராம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஸ்கேன் திரையில் சின்னச் சின்ன இதயங்கள் துடித்தன. டொக்டர் நாலு என்று எண்ணினார். நான் மஞ்சள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மருந்து எழுதும் துண்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒரு கோடு கீறினார்.

"டீச்சர், நாம மனுஷங்கட கணக்க நாய்க்குப் போடுறோம். அதுதான் பிழை. மனுஷிக்கு ரத்தம் வாறது ஒரு சுற்று முடிஞ்சத்துக்கு. நாய்க்கு அது தொடக்கம். ரத்தம் குறையிற நேரத்துலதான் கதவு திறக்குது. நீங்க சரியா அந்த நாள் பார்த்துக் குளிக்கவும் வாத்து, கேட்டையும் திறந்து உட்டீக்கிறீங்க."

பெண் நாய் முதல் ஒன்பது பத்து நாள் ஆண் நாயைக் கிட்ட விடாமல் கடித்துத் துரத்தும். அதற்குப் பிறகு அதுவே ஆண் நாயைத் தேடும். ஒவ்வொரு நாய்க்கும் நாள் முன்பின்னாக மாறும், அதனால்தான் மூன்று கிழமை முழுதும் பூட்டி வைக்கச் சொல்கிறோம் என்றார். தண்ணீர் ஊற்றியதற்கும் திட்டு வாங்கினேன். இணைந்து நிற்கும்போது பயமுறுத்தினால் இரண்டுக்கும் காயம் ஆகும், தானாகப் பிரியும்வரை விட வேண்டும், அன்றைக்கே தன்னிடம் கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நாற்பது வருடமாக நாய்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை. அந்தக் கோடு போட்ட துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் முக்கியமானதைச் சொன்னார். தாய் சின்ன உடம்பு, தகப்பன் பெரிய நாய். குட்டி பெரிதாக வளர்ந்தால் வெளியே வராது, தாய் செத்துப்போகலாம். இந்தக் கிழமைக்குள் என்றால் கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம், தாய்க்கு ஆபத்து குறைவு. பிந்தப் பிந்த ரத்தப்போக்குக் கூடும். "முடிவு உங்கட இல்ல. நாய்க்குச் சொந்தக்காரர் சொல்லணும். இண்டைக்கே பேசுங்க."

பதினெட்டு நாள்

அன்றைக்கே பேசவில்லை.

நான் போனை எடுத்தபோது அங்கே பேத்தி பிறந்திருந்தாள். சரோ அக்கா அழுதுகொண்டே குழந்தையின் காலைக் காட்டினார். அந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கிய சந்தோசம். எல்லா நாளும் ஒரு காரணத்தோடுதான் விடிந்தது.

"செரி என்ன செய்யிறா?"

"நல்லாருக்காக்கா. நல்லா சாப்பிடுறா."

சாப்பிட்டாள்தான். அது பொய்யில்லை. அப்படி ஒரு ஓரமாக நின்றுகொண்டு பதினெட்டு நாள் ஓட்டினேன். வகுப்பில் வீட்டுக் கணக்குச் செய்யாத பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கேட்டு நான் எவ்வளவு பேரை எழுப்பி நிற்க வைத்திருப்பேன்! அந்தப் பாவமெல்லாம் சேர்ந்து வந்தது போலிருந்தது.

டொக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டாம் தடவை நான் எடுக்கவில்லை. அன்று என் வீட்டுக்காரர் செரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். வயிறு பானையாக இருந்தது. "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

சொன்னேன். மஞ்சள், கேட், மினிஸ்டர், ஸ்கேன், டொக்டர் சொன்ன கிழமை, நான் விட்ட பதினெட்டு நாள், எல்லாம். சரோ அக்கா சிணுங்கிய குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்.

"சரி. டொக்டரின்ர நம்பரை அனுப்பும். நான் கதைக்கிறன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சரோ அக்கா என்னைக் கூப்பிடவில்லை. டொக்டரோடு மட்டும் பேசினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மௌனம் என்னைச் சோறு தின்ன விடவில்லை.

பாலத்தின் மேல்

எடுக்கிற காலம் தாண்டிவிட்டது, பிரசவம்வரை பார்ப்போம், வராவிட்டால் வெட்டி எடுத்து அதோடு கர்ப்பப்பையையும் அகற்றிவிடுவோம் என்று டொக்டரும் சரோ அக்காவும் முடிவு செய்தார்கள். கடைசிக் கிழமையில் காலையும் மாலையும் செரியின் உடம்புச் சூடு பார்க்கச் சொன்னார் டொக்டர். பிரசவத்துக்கு முதல் நாள் அது இறங்குமாம். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் வரைபடம் போட்டேன். புள்ளிகள் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை சட்டென்று கீழே விழுந்தன. டொக்டர் சொன்னபடியே நடந்ததைப் பார்த்து, அந்தப் பயத்திலும் மெய்சிலிர்த்தது.

சனிக்கிழமை காலை முக்கத் தொடங்கினாள். ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை நான் நிமிடத்தை எண்ணினேன். ஓட்டோவில் ஏறினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் சனிக்கிழமை காலையில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் நின்றுவிட்டோம். முன்னால் பஸ், பின்னால் லொறி, கீழே மகாவலி.

என் மடியில் துவாய்க்குள் செரி. கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டோவுக்குள் வாய்விட்டு அழுதேன். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, இறங்கிப் போய் முன்னால் நின்ற பஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ் ஒரு பக்கம் ஒதுங்கியது.

ஒபரேஷன் முடிய மத்தியானமாகிவிட்டது. முதல் குட்டி வழியில் சிக்கிச் செத்திருந்தது. செம்பட்டை நிறம், பெரிய தலை. மற்ற மூன்றும் உயிரோடு இருந்தன. செரியும் உயிரோடு இருந்தாள். டொக்டர் நஸ்ரின் கையுறையைக் கழற்றிவிட்டு, இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆண் குட்டியா?"

மூன்றில் ஒன்று ஆண், இரண்டு பெண். ஆண் குட்டியை டொக்டரின் கிளினிக்குக்கு வந்த ஒருவர் அன்றைக்கே பேசிவைத்தார். பெண் குட்டிகளை யாரும் கேட்கவில்லை. போன் பண்ணியவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். பொட்டை என்றதும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். பொட்டைக் குட்டிகளைக் கண் திறந்த கையோடு சாக்கில் போட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த டிவிசன்காரர்கள் அவர்களுடையதைக் கொண்டுவந்து எங்கள் மடுவத்தில் வைப்பார்கள். ஆண் நாய் வளர்த்தால் குட்டித் தொல்லை இல்லை என்பது எல்லோருடைய நியாயம். அந்த ஆண் நாய் யார் வீட்டுக் கேட்டில் போய்ப் படுத்துக் கிடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மினிஸ்டரும் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு எடுத்த ஆண் குட்டியாகத்தான் இருந்திருப்பான்.

சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள், மீன் தலை தின்று பிழைத்துக்கொள்ளும் என்று எதிர்வீட்டுப் பெண் புத்தி சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், உங்க புத்திய நீங்களே வச்சிக்குங்க என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

சரோ அக்கா வந்தார்

குட்டிகள் ஓடித் திரியும் பருவத்தில் சரோ அக்கா திரும்பி வந்தார். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். செரி அவர் மேல் பாய்ந்து, சுற்றி, கத்தி, நனைத்தும் வைத்தாள். அவர் கதிரையில் உட்கார்ந்து தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். நான் சுவரோரம் நின்றேன். மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மஞ்சள் கண்டனான். புது பல்ப் எண்டீர். நாய் மட்டும் மஞ்சளாய்த் தெரியிற பல்ப் எங்க விக்குது? தலைக்கு வாத்துப்போட்டு வெளியில விட்டிருப்பீர் எண்டு விளங்கீட்டுது."

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

அவர் செரியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீர். பிறகு நான் உம்மோட எப்பிடிக் கதைக்கிறது? நீரா சொல்லுவீர் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தன். கேட்டிருக்க வேணும், விஜி. போக முன்னமே ஒபரேஷனையும் செய்திருக்க வேணும். அந்தக் குட்டி செத்ததில எனக்கும் பங்கிருக்கு."

இரண்டு பேரும் அழுதோம். குட்டிகள் ஒன்று அவர் செருப்பையும் ஒன்று என் சேலையையும் இழுத்துக்கொண்டிருந்தன. அந்தப்படியே பங்கு பிரித்துக்கொண்டோம். செருப்பை இழுத்தது அவருக்கு, சேலையை இழுத்தது எனக்கு.

வயது வந்ததும் இரண்டுக்கும் முதல் ஹீட்டுக்கு முன்பே ஒபரேஷன் செய்தோம். பத்து நாள் தண்ணீர் பட விடாதீர்கள் என்று டொக்டர் நஸ்ரின் சொன்னபோது என்னைத்தான் பார்த்தார். பதினோராம் நாள்தான் குளிப்பாட்டினேன். வெறும் தண்ணீர், சவர்க்காரம். மஞ்சள் டப்பாவை சரோ அக்காவின் கேலிக்குப் பயந்து அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

மினிஸ்டரையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கிழமை தினம் மீன் அடைத்த பணிஸ் ரொட்டி ஒன்று கொடுத்துப் பழக்கி, எட்டாம் நாள் பணிஸோடு சேர்த்து ஓட்டோவுக்குள் ஏற்றி டொக்டரிடம் ஒபரேஷனுக்குக் கொண்டுபோனார். இப்போது அவன் எங்கள் கேட்டடியிலேயே கிடக்கிறான்.

போன மாதம் சரோ அக்கா மறுபடி கனடா போனார். இரண்டாவது பேரப்பிள்ளை. செரியையும் குட்டியையும் என்னிடம் விட்டார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன?"

"தாள் அக்கா. எழுதித் தரலியா?"

"என்னத்துக்கு? ஏதும் எண்டால் நீர் சொல்லுவீர் தானே."

விமானம் இறங்கி, பெட்டி எடுக்கிற இடத்திலிருந்து கூப்பிட்டார். வந்து சேர்ந்திட்டன் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, செரி உங்க கறுப்புச் செருப்ப கடிச்சிட்டா. ஒரு கால் செருப்பு முழுசா போச்சு. உங்க வீட்டுக் கேட்ட நான்தான் திறந்து வச்சிருந்தேன்."